தங்கமீனும் என்னோட தொலைஞ்சு போன ஒரு மணி நேரமும்

1991 அக்டோபர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைல பத்தரை மணிக்கு, கும்பகோணம் பக்கத்துல இருக்கிற தாத்தா வீட்டுக்கு டிவிஎஸ் 50ல போயிருக்கேன். பதினொன்றரைக்கு அங்கேருந்து கிளம்பியிருக்கேன். மழை ஈரத்துல வண்டி வழுக்கி, மதகுச் சுவர்ல தலை மோதி விழுந்திருக்கேன். கவனிச்சீங்களா, எல்லாமே "இருக்கேன்"தான். ஏன்னா இதுல ஒண்ணுமே எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் மத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது. எனக்குத் தெரிஞ்ச கடைசி விஷயம், தாத்தா வீட்டு வாசல்ல வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டது. அதுக்கடுத்தது ஆஸ்பத்திரியில தலைக்கு மேல கிறீச் கிறீச்னு சுத்தின ஃபேன். நடுவுல இருந்ததை யாரோ பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டுப் போன மாதிரி காணோம்.

சரி, போனா போகுது, ஒரு மணி நேரம்தானேன்னு விட்டிருப்பேன். ஒரு வாரம் கழிச்சுப் பாட்டி வந்து பார்த்தப்போ சொன்னாங்க: "அன்னிக்கு உங்க தாத்தா உன்கிட்ட அவுங்க அண்ணனைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்களே, என்னடா சொன்னாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தாத்தாவோட அண்ணன் ரங்கூனுக்குப் போனவர். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்போ எத்தனையோ தமிழர்கள் நடந்தே ஊர் திரும்பினாங்க இல்லையா, அந்தக் கூட்டத்துல அவர் வரலை. அதுக்கப்புறம் அம்பது வருஷம் தாத்தா அவர் பேரை வாயால சொன்னதில்லை. அப்பா கேட்டும் சொல்லலை, பாட்டி கேட்டும் சொல்லலை. பத்தொம்பது வயசுப் பய என்கிட்ட, திண்ணையில உட்காந்துக்கிட்டு, சொல்லியிருக்கார். நான் அதைத் தொலைச்சுட்டேன்!

தாத்தாகிட்டயே போய்க் கேட்டேன். "ஒரு தடவ சொல்லியாச்சுல்ல, போடா"ன்னுட்டார். அடுத்த தை மாசம் போய்ச் சேர்ந்துட்டார்.

அப்போ என்னைப் பார்த்த டாக்டர்கிட்ட ஏன் சார் இப்படின்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் மனசுல நிக்குது. "சிமெண்ட் பூசி அது காயறதுக்குள்ள மழை பெஞ்சா கரைஞ்சு போயிருமில்ல, அந்த மாதிரிப்பா. பழசெல்லாம் காஞ்சிருச்சு, தப்பிச்சுது. அன்னிக்குப் பூசினது ஈரமா இருந்துச்சு."

நல்ல விளக்கம்தான். ஆனா மூளைக்குள்ள எதுப்பா சிமெண்ட்டு? எது காயுது? எத்தனை நேரம் ஆகும்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு நான் அவ்வப்போது படிச்சதைத்தான் இங்க எழுதப் போறேன். நான் உயிரியல் படிச்சவன் இல்லை, பி.காம். விஷயம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டலாம். பதிவு கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க :-)

ஈர சிமெண்ட்

இந்த "காயற" விஷயத்தை முதல்ல சொன்னவங்க ஜெர்மனியில கோட்டிங்கன் ஊரைச் சேர்ந்த ரெண்டு பேர், முல்லரும் பில்ஸெக்கரும். வருஷம் 1900. அர்த்தமே இல்லாத அசைகளை ஜோடி ஜோடியா ஆட்களை மனப்பாடம் பண்ண வச்சாங்க. ஒரு பட்டியலைப் படிச்ச கையோட இன்னொரு பட்டியலைப் படிக்கச் சொன்னா முதல் பட்டியல் மறந்து போகுது. நடுவுல கொஞ்ச நேரம் சும்மா விட்டா நிக்குது. அப்போ படிச்சு முடிச்ச பிறகும் உள்ள ஏதோ வேலை நடக்குதுன்னு அர்த்தம். அந்த வேலைக்கு அவங்க வச்ச பேருக்குத் தமிழ்ல "கெட்டிப்படுதல்"னு சொல்லலாம். என் டாக்டரோட சிமெண்ட்டேதான்.

அடுத்து 1949ல டங்கன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர். எலிகளுக்குத் தினம் ஒரு தடவை ஒரு வேலை கத்துக்கொடுப்பார், அப்புறம் மூளைக்கு ஒரு மின் அதிர்ச்சி. பாடம் முடிஞ்ச சில விநாடிகள்ல அதிர்ச்சி குடுத்த எலிகள் எத்தனை நாள் ஆனாலும் கத்துக்கவே இல்லை. கால் மணி நேரம் கழிச்சுக் குடுத்தா ஓரளவு தேறுது. ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ கழிச்சுக் குடுத்தா ஒரு பாதிப்பும் இல்லை, மத்த எலிகளைப் போலவே கத்துக்குது.

இதைப் படிச்சப்போ என் கை தானா தலையில இருக்கற தழும்பைத் தடவிப் பார்த்துச்சு. ஒரு மணி நேரம்!

ஆனா இதுவரைக்கும் "எப்போ" காயுதுன்னுதான் தெரிஞ்சுது, "எது" காயுதுன்னு தெரியலை. அதுக்கு 1953 வரணும். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வோட முறுக்கு ஏணியைக் கண்டுபிடிச்ச வருஷம். பரம்பரையையே ஒரு மூலக்கூறு நாலெழுத்துல எழுதி வச்சிருக்குன்னா, ஞாபகத்தையும் ஏதாவது மூலக்கூறு எழுதி வச்சிருக்கலாமேன்னு ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. ஸ்வீடன்ல ஹோல்கர் ஹைடன்னு ஒருத்தர். எலிக்குச் சாய்வான கம்பி மேல ஏறக் கத்துக்குடுத்து, அதோட மூளையிலேருந்து நரம்பு செல்லை ஒவ்வொண்ணா, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில, கையாலயே பிரிச்செடுத்தார். கத்துக்கிட்ட எலியோட செல்லுல ஆர்.என்.ஏ.வோட கலவையே மாறியிருக்குன்னு 1960களோட தொடக்கத்துல அறிவிச்சார். ஏதோ இருக்குன்னு எல்லாருக்கும் பொறி தட்டினது அப்போதான். அதுக்கப்புறம் நடந்தது ஒரு கூத்து.

புழுவைத் தின்ன புழு

ஜேம்ஸ் மெக்கானல். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல உளவியல் வாத்தியார். இவர் பிடிச்சது பிளனேரியாங்கற தட்டைப்புழு. நல்ல தண்ணியில இருக்கும், விரல் நகம் அளவு, மாறு கண்ணு போட்ட மாதிரி ரெண்டு கண்ணு. இதை ரெண்டாவோ மூணாவோ வெட்டினா ஒவ்வொரு துண்டும் ஒரு முழுப் புழுவா வளர்ந்துரும். மெக்கானல் அதுக்கு வெளிச்சம் போடுவார், உடனே ஷாக் குடுப்பார். கொஞ்ச நாள்ல வெளிச்சத்தைப் பார்த்தாலே புழு சுருங்க ஆரம்பிக்கும். அந்தப் புழுவை வெட்டி, ரெண்டு துண்டும் வளர்ந்தப்புறம் சோதிச்சா, தலைப்பக்கத் துண்டு ஞாபகம் வச்சிருந்துச்சு, சரி. வால்பக்கத் துண்டும் வச்சிருந்துச்சுன்னார்! 1959ல வந்த கட்டுரை இது. வாலுக்கு மூளையே புதுசா முளைச்சதுதானே? அப்போ ஞாபகம் மூளையில மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஏதோ மூலக்கூறா ஓடுதுன்னு முடிவுக்கு வந்தார்.

1962ல இன்னும் ஒரு படி மேல போனார். பாடம் படிச்ச புழுவைத் துண்டு போட்டுப் படிக்காத புழுவுக்குச் சாப்பிடக் குடுத்தார். தின்ன புழு வேகமா பாடம் கத்துக்கிச்சாம். பத்திரிகைக்காரங்களுக்குக் கேக்கணுமா? வாத்தியாரை அடிச்சுத் தின்னா பாஸாயிரலாம்னு நம்மூர்ப் பசங்க யாருக்கும் இது தெரியாம போனது எத்தனை வாத்தியார்களோட பூர்வ புண்ணியமோ.

மெக்கானலே ஒரு குசும்பர்தான். புழு ஆய்வுக்குன்னே ஒரு பத்திரிகை நடத்தினார். அதுல நிஜக் கட்டுரையும் கிண்டல் கட்டுரையும் கலந்து வரும். படிக்கிறவங்களுக்கு எது நிஜம் எது லொள்ளுன்னு புரியாம சண்டைக்கு வந்ததால, கிண்டலை மட்டும் பின்பக்கத்துலேருந்து தலைகீழா அச்சடிச்சார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனா விஞ்ஞானத்துல குசும்பு மட்டும் போதாதே. மெல்வின் கால்வின், தாவரங்கள் கார்பனை எப்படிச் சர்க்கரையாக்குதுன்னு கண்டுபிடிச்சு 1961ல நோபல் வாங்கினவர், அவரோட ஆய்வகத்துல இந்தப் புழு வேலையைச் செஞ்சு பார்த்தாங்க. மத்த புழுவுக்குக் கடத்துறது இருக்கட்டும், முதல்ல இந்தப் புழுவுக்கு நம்பகமா எதையும் கத்துக்குடுக்கவே முடியலைன்னு 1964ல எழுதிட்டாங்க. எலி மூளைச் சாறை இன்னொரு எலிக்கு ஊசி போட்டு ஞாபகத்தைக் கடத்தலாம்னு வேற சிலர் சொன்னாங்க. 1966ல 23 பேர் ஒண்ணாக் கையெழுத்துப் போட்டு, நாங்க செஞ்சு பார்த்தோம் வரலைன்னு 'சயின்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாங்க. அதுக்கும் அசராம ஹூஸ்டன்ல ஜார்ஜ் உங்கார்னு ஒருத்தர், இருட்டைப் பார்த்து பயப்படக் கத்துக்கிட்ட எலிகளோட மூளையை ஆயிரக்கணக்குல சேர்த்து அரைச்சு, அதுலேருந்து 15 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத்துண்டைப் பிரிச்செடுத்து, இதுதான் "இருட்டு பயம்"னு 1972ல 'நேச்சர்'ல போட்டார். அந்தக் கட்டுரையோடவே அதைக் கிழிச்சு இன்னொருத்தர் எழுதின விமர்சனத்தையும் சேர்த்து அச்சடிச்சாங்க. உங்கார் 1977ல காலமானார். அந்த ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அவரோடயே போயிருச்சு.

மெக்கானல் கதையோட முடிவு சோகம். 1985 நவம்பர்ல அவர் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்ச உதவியாளருக்குக் காயம், பக்கத்துல இருந்த மெக்கானலுக்குக் காது கேக்கறது பாதிச்சுது. அனுப்பினவன் பிற்பாடு "யூனாபாம்பர்"னு உலகத்துக்கே தெரிஞ்ச கசின்ஸ்கி. அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 1967ல கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்கின ஆள்.

அடுத்த கட்டடத்துல தங்கமீன்

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். மெக்கானல் புழுவை வெட்டிக்கிட்டிருந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்துல, அதே 1960கள்ல, பெர்னார்ட் அக்ரனாஃப்னு ஒரு உயிர்வேதியியல்காரர் சத்தமே இல்லாம தங்கமீன் வளர்த்துக்கிட்டிருந்தார். நம்ம வீட்டுக் கண்ணாடித் தொட்டியில இருக்குமே, அதே மீன்தான்.

தொட்டிக்கு நடுவுல ஒரு தடுப்பு. ஒரு பக்கம் விளக்கு எரியும். எரிஞ்ச கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத் தண்ணியில லேசா மின்சாரம். மீன் தடுப்பைத் தாண்டி இருட்டுப் பக்கம் போயிட்டா தப்பிச்சுது. முதல்ல ஷாக் அடிச்சப்புறம்தான் ஓடும். இருபது தடவைப் பயிற்சிக்குள்ள, விளக்கைப் பார்த்த உடனேயே பல தடவை தாண்டக் கத்துக்கும். மூணு நாள் கழிச்சுச் சோதிச்சாலும் மறக்காது. "தங்கமீனுக்கு மூணு விநாடிதான் ஞாபகம்"னு சொல்றவங்களை இனிமே நம்பாதீங்க.

இப்போ அக்ரனாஃப் செஞ்சது: பயிற்சி முடிஞ்ச உடனே மீனோட மண்டைக்குள்ள மெல்லிசான ஊசியால ப்யூரோமைசின்ங்கற மருந்தைப் போட்டார். இது என்ன செய்யும்னு சொல்லிடறேன், ஏன்னா விஷயமே இங்கதான் இருக்கு.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் அதே டி.என்.ஏ.தான் இருக்கு. கல்லீரலுக்கும் மூளைக்கும் ஒரே புஸ்தகம், ஆனா திறந்து வச்சிருக்கிற பக்கம் வேற. ஒரு மரபணு "வேலை செய்யுது"ன்னா, அந்தப் பக்கத்தைத் திறந்து ஆர்.என்.ஏ.வா ஒரு நகல் எடுக்கிறாங்கன்னு அர்த்தம். அந்த நகலைப் பார்த்து, ரைபோசோம்னு ஒரு பட்டறையில, அமினோ அமிலங்களை ஒண்ணு ஒண்ணாக் கோத்துப் புரதம் செய்வாங்க. பூக்காரம்மா பூ தொடுக்கிற மாதிரி. ப்யூரோமைசின் பார்க்கிறதுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்துக்கிட்டு வர்ற மூலக்கூறோட நுனி மாதிரியே இருக்கும். பட்டறை ஏமாந்து அதையும் சரத்துல சேர்த்துரும். ஆனா காம்பில்லாத பூவைத் தொடுத்தா அடுத்த பூவை எதுல கட்டறது? சரம் பாதியிலேயே அறுந்து விழுந்துரும். புரத உற்பத்தி நின்னுரும்.

முடிவு என்ன தெரியுமா? பயிற்சி முடிஞ்ச உடனே ஊசி போட்ட மீன், மூணு நாள் கழிச்சு ஒண்ணுமே தெரியாத மீன் மாதிரி நடந்துக்கிச்சு. பயிற்சி முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு ஊசி போட்ட மீனுக்கு எல்லாமே ஞாபகம் இருந்துச்சு. அதே மருந்து, அதே அளவு. நேரம் மட்டும்தான் வேற. இன்னொண்ணு, பயிற்சிக்கு முன்னாடியே ஊசி போட்டுப் பார்த்தார். அந்த மீனும் அன்னிக்கு மத்த மீன் மாதிரியே ஜோராக் கத்துக்கிச்சு. ஆனா தங்கலை.

அதாவது கத்துக்கிறதுக்குப் புதுப் புரதம் தேவையில்லை. தக்க வச்சுக்கிறதுக்குத்தான் தேவை. திண்ணையில நான் தாத்தா சொன்னதுக்கு "உம்" கொட்டியிருப்பேன், நடுநடுவுல கேள்வியெல்லாம் கேட்டிருப்பேன். எல்லாம் புரிஞ்சுதான் இருக்கும். ஆனா பூ தொடுக்கிற வேலை அப்போதான் ஆரம்பிச்சிருக்கும்.

இன்னொரு நுணுக்கம். பயிற்சி முடிஞ்ச மீனை அதே பயிற்சித் தொட்டியிலேயே விட்டு வச்சா, அந்தக் கெட்டிப்படற வேலை தள்ளிப் போகுது. வீட்டுத் தொட்டிக்கு மாத்தினப்புறம்தான் தொடங்குதுன்னு அக்ரனாஃப் குழுவே 1966ல காட்டினாங்க. பரபரப்பு அடங்கினாத்தான் எழுத்து ஆரம்பிக்குது போல.

இவருக்குக் கொஞ்சம் முன்னாடியே, 1963ல, பென்சில்வேனியாவுல லூயி ஃப்ளெக்ஸ்னரும் அவர் மனைவி ஜோசஃபாவும் எலிக்கு இதே மருந்தைக் கொடுத்து ஞாபகம் போறதைக் காட்டியிருந்தாங்க. உடனே எதிர்ப்பும் வந்துச்சு. ப்யூரோமைசின் மூளையோட மின் அலையையே கலைச்சுவிடுது, அதனால மறந்திருக்கலாமேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால சைக்ளோஹெக்ஸிமைட், அனிசோமைசின்னு வேற வேற வழியில புரதத்தைத் தடுக்கிற மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்தாங்க. மொத்தத்துல அதே கதைதான். அக்ரனாஃப் டி.என்.ஏ.விலேருந்து நகல் எடுக்கிறதையே தடுக்கிற ஆக்டினோமைசினையும் போட்டுப் பார்த்தார். அதுவும் ஞாபகத்தை அழிச்சுது. அப்போ புஸ்தகத்தைத் திறந்தாகணும். மரபணுவே வேலை செஞ்சாகணும்.

மெக்கானல் ஞாபகமே ஒரு மூலக்கூறுன்னு தேடினார். அக்ரனாஃப், ஞாபகத்தைக் கட்டறதுக்கு மூலக்கூறு வேணும்னு காட்டினார். கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வியன்னாப் பையனும் கடல் முயலும்

1929ல வியன்னாவுல ஒரு யூதப் பொம்மைக் கடைக்காரருக்குப் பிறந்தவர் எரிக் கேண்டல். 1938 நவம்பர் 7, அவரோட ஒன்பதாவது பிறந்தநாளுக்கு பேட்டரியில ஓடற நீலக் கலர் கார் வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு நாஜிக்கள் கதவைத் தட்டி வீட்டை விட்டு வெளிய போகச் சொன்னாங்க. சில நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்போ விலையுள்ள எதுவும் இல்லை, அந்தக் காரும் இல்லை. அடுத்த வருஷம் குடும்பம் அமெரிக்கா போயிருச்சு. அந்தக் கொஞ்ச நாள் எப்படி இவ்வளவு ஆழமா பதிஞ்சுதுங்கற கேள்விதான் பின்னால தன்னை ஞாபக ஆராய்ச்சிக்கு இழுத்துச்சுன்னு அவரே எழுதியிருக்கார். அவருக்கு மறக்க முடியாதது பிரச்சினை, எனக்கு நேர் எதிர்.

எல்லாரும் எலி, குரங்குன்னு போனப்போ இவர் அப்ளிசியாங்கற கடல் நத்தையைப் பிடிச்சார். கடல் முயல்னும் சொல்லுவாங்க. நம்ம மூளையில நியூரான்கள் ஆயிரக்கணக்கான கோடி, இதுக்குச் சுமார் 20,000தான். அதுலயும் சிலது வெறுங்கண்ணுக்கே தெரியற அளவு பெருசு. 1962ல பாரிஸுக்குப் போய் லாடிஸ்லாவ் தௌக்கிட்ட இதுல வேலை பழகினார். நத்தைக்கு என்னப்பா ஞாபகம்னு சிரிச்சவங்க நிறைய.

நத்தையோட குழாயைத் தொட்டா செவுளை உள்ள இழுத்துக்கும். வாலுக்கு ஒரு ஷாக் குடுத்தா பயந்து போய், அடுத்து லேசாத் தொட்டாலே வேகமா இழுத்துக்கும். ஒரு ஷாக்குன்னா சில நிமிஷத்துக்குத்தான் அந்த பயம். விட்டு விட்டுப் பல ஷாக்குன்னா நாள் கணக்குல நிக்கும். இதுல சம்பந்தப்பட்ட ரெண்டே ரெண்டு நியூரானை, தொடுவதை உணர்றது ஒண்ணு, செவுளை இழுக்கறது ஒண்ணு, கண்ணாடித் தட்டுல வளர்த்தாங்க. ஷாக்குக்குப் பதிலா செரட்டோனின் சொட்டு. ஒரு சொட்டு விட்டா ரெண்டுக்கும் நடுவுல உள்ள இணைப்பு சில நிமிஷம் வலுவாகுது. இடைவெளி விட்டு அஞ்சு சொட்டு விட்டா ஒரு நாளுக்கு மேல நிக்குது. அந்தச் சொட்டு விடற நேரத்துல புரதத்தைத் தடுக்கிற மருந்தோ, ஆர்.என்.ஏ.வைத் தடுக்கிற மருந்தோ போட்டா, நிமிஷக் கணக்கு வலு அப்படியே இருக்கு, நாள் கணக்கு வலு மட்டும் காணோம். எல்லாம் முடிஞ்சு லேட்டாப் போட்டா பாதிப்பு இல்லை. 1986ல வந்தது இந்தக் கட்டுரை. தங்கமீன் கதையே, ரெண்டு செல்லுல!

அப்புறம் வழி துலங்க ஆரம்பிச்சுது. செரட்டோனின் செல்லோட வாசல்ல தட்டும். உள்ள சைக்ளிக் ஏ.எம்.பி.ங்கற தூதுவன் பெருகும். அவன் ஒரு நொதியை எழுப்பிவிடுவான். ஒரு தடவை தட்டினா அந்த நொதி வாசல் பக்கத்துலயே ஏதோ ரெண்டு வேலை பார்த்துட்டு ஓய்ஞ்சுரும். திரும்பத் திரும்பத் தட்டினா செல்லோட கருவுக்குள்ளயே போயிரும். அங்க க்ரெப்னு ஒரு புரதம் டி.என்.ஏ. மேல உட்காந்திருக்கு. அதைத் தட்டி எழுப்பினா குறிப்பிட்ட மரபணுக்கள் திறக்கும், புரதங்கள் உருவாகும், நியூரான்ல புதுக் கிளைகள் முளைக்கும். நீண்ட நாள் ஞாபகம் உள்ள நத்தையில அந்த இணைப்பு முனைகள் சுமார் ரெண்டு மடங்காயிருந்ததை எண்ணியே பார்த்திருக்காங்க. 1990ல கேண்டல் குழு க்ரெப்பை வேற இடத்துக்கு இழுத்துப் போற போலி டி.என்.ஏ. துண்டுகளைச் செல்லுக்குள்ள கொட்டினாங்க. நீண்ட நாள் வலு வரவே இல்லை. 1995ல இன்னொண்ணு தெரிஞ்சுது. க்ரெப்புக்கு ஒரு எதிராளி இருக்கு, கதவை அடைச்சுக்கிட்டு நிக்கிற காவக்காரன். அவனை முடக்கினா அஞ்சு சொட்டு வேண்டாம், ஒரே சொட்டு போதும். எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருந்தா இடம் பத்தாதுன்னு உடம்பே ஒரு காவல் போட்டிருக்கு போல.

2000ல கேண்டலுக்கு நோபல், கார்ல்ஸன், க்ரீன்கார்டோட பங்கு போட்டு.

ஈக்களைப் பத்தியும் ரெண்டு வரி. கால்டெக்ல சீமோர் பென்ஸர் குழு 1976லயே ஒரு மக்கு ஈயைக் கண்டுபிடிச்சு, அதுக்கு "மக்கு"ங்கற அர்த்தத்துலயே பேரும் வச்சாங்க. அது எதுல பழுதுன்னு பார்த்தா அதே சைக்ளிக் ஏ.எம்.பி.! நத்தைக்காரங்களும் ஈக்காரங்களும் ரெண்டு பக்கத்துலேருந்து கிணறு வெட்டி ஒரே ஊத்துல சந்திச்ச மாதிரி. 1994ல டிம் டல்லி ஈக்களுக்குப் பத்துப் பாடம் நடுவுல கால் மணி நேரம் ஓய்வு விட்டுச் சொல்லிக்குடுத்தா ஒரு வாரம் நிக்குது, அதே பத்தையும் மூச்சு விடாம நடத்தினா சீக்கிரமே போயிருதுன்னு காட்டினார். முன்னதுக்குப் புதுப் புரதம் வேணும், பின்னதுக்கு வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விடிய விடிய உருப்போட்ட ஆளு நான். இப்போ காஸ்ட் அக்கவுண்டிங் ஏன் ஒரு வரி கூட மிச்சமில்லைன்னு புரியுது. அதே வருஷம் எலியிலயும் க்ரெப்பைக் குறைச்சுப் பார்த்தாங்க. அரை மணி நேர ஞாபகம் சரியா இருக்கு, மறுநாள் காலி.

அடுத்த வருஷம் க்ரெப் கூடுதலா உள்ள ஈ ஒரே பாடத்துல எல்லாத்தையும் பிடிச்சுக்குதுன்னு பெருசாச் செய்தி வந்துச்சு. ஞாபக மாத்திரை வரப்போகுதுன்னு ஒரே அமர்க்களம். 2004ல வேற குழு அதே ஈக்களைப் பார்த்தப்போ, உள்ள வச்ச மரபணுவுலயே ஒரு எழுத்துப் பிழை, உருப்படியான புரதமே வராது, ஞாபகமும் கூடலைன்னு தெரிஞ்சுது. க்ரெப்போட மத்த ஆதாரங்கள் அப்படியே நிக்குது, ஆனா அந்த அதிசய ஈ பறந்துருச்சு.

வெளிச்சம் போட்டா ஞாபகம்

நியூரான் உசுப்பப்பட்ட சில நிமிஷத்துலயே திறக்கிற மரபணுக்கள் சிலது உண்டு. சி-ஃபாஸ்னு ஒண்ணு, ஆர்க்னு ஒண்ணு. 1980கள்லயும் 90கள்லயும் கண்டுபிடிச்சாங்க. எந்த நியூரான்ல இது திறந்திருக்கோ, அது இப்போதான் வேலை பார்த்துச்சுன்னு அர்த்தம். ஓட்டுப் போட்டவன் விரல்ல மை மாதிரி.

இந்த மையை வச்சு எம்.ஐ.டி.யில சுசுமு டோனெகாவா குழு ஒரு வேலை செஞ்சாங்க. மனுஷன் 1987லயே நோய் எதிர்ப்புப் புரத மரபணுக்களுக்காக நோபல் வாங்கிட்டு, அப்புறம் மூளைப் பக்கம் வந்தவர். சி-ஃபாஸோட சுவிட்சைப் பாசியிலேருந்து எடுத்த, வெளிச்சத்துக்கு அசையற ஒரு புரதத்தோட கோத்துட்டாங்க. இப்போ எலி ஒரு பெட்டிக்குள்ள ஷாக் வாங்கி பயப்படுது. அந்த பயத்தை எழுதின நியூரான்கள்ல மட்டும் வெளிச்சப் புரதம் உக்காந்துக்கும். அப்புறம் எலியை வேற, பத்திரமான பெட்டியில விட்டு, மெல்லிய கண்ணாடி இழை வழியா மூளைக்குள்ள நீல வெளிச்சம் போட்டாங்க. எலி அங்கயே பயந்து உறைஞ்சு நின்னுச்சு. 2012. அடுத்த வருஷம், நடக்காத ஒரு விஷயத்தை நடந்ததா எலியை நம்ப வச்சாங்க.

நான் ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தது இதுக்கு இல்லை. 2015ல அதே குழுவுல டோமஸ் ரயன் செஞ்ச சோதனைக்கு. எலிக்குப் பெட்டியில ஷாக் குடுத்துட்டு, பயந்த நியூரான்களுக்கு மை வச்சுட்டு, உடனே அனிசோமைசின். புரதம் இல்லை, கெட்டிப்படலை. மறுநாள் அதே பெட்டியில விட்டா எலி ஹாயாச் சுத்துது. அக்ரனாஃபோட தங்கமீனேதான், மறந்தாச்சு. இப்போ அந்த நியூரான்கள் மேல நீல வெளிச்சத்தைப் போட்டாங்க.

எலி உறைஞ்சு நின்னுச்சு.

பயம் அங்கேயே இருந்திருக்கு. அம்பது வருஷமா அழிஞ்சு போச்சு, எழுதவே இல்லைன்னு நினைச்சது, இணைப்புகளோட அமைப்புல எங்கயோ இருந்திருக்கு. புரதம் தேவைப்பட்டது அந்த இடத்துக்குப் போற பாதையை வலுவாக்கறதுக்குன்னு அவங்க சொல்றாங்க. ஊர் இருக்கு, ரோடு போடலை. எல்லா விஞ்ஞானிகளும் இந்த விளக்கத்தை ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், வாதம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது எலி, மருந்து போட்டது, மறுநாளே பார்த்தது. நான் மனுஷன், மண்டையில அடி, முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. என் நியூரானுக்கு யாரும் மை வைக்கலை. மண்டையில அடிபட்டா நடக்கிறதும் புரதத்தைத் தடுத்தா நடக்கிறதும் ஒண்ணும் இல்லை. எல்லாம் தெரியுது. இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில போய் உட்காந்து, திண்ணையை, தாத்தாவோட வெத்தலைப் பெட்டியை, அவர் துண்டை உதறிப் போட்டுக்கிற விதத்தை எல்லாம் ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்தேன். எங்கயாவது ரோடு கிடைக்காதான்னு.

வரலை. வாசல்ல வண்டிக்கு ஸ்டாண்ட் போடற சத்தத்தோட நின்னுருது.

பாட்டி இருந்தவரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அடுக்களையிலேருந்து அவங்க காதுல விழுந்தது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, "கப்பலுக்கு டிக்கெட் ஒண்ணுதான் கிடைச்சுது." இன்னொண்ணு, அதுக்கப்புறம் தாத்தா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நான் என்னமோ சொன்னதுக்குச் சிரிச்சார்னு. நான் என்ன சொன்னேன்னு பாட்டிக்குக் கேக்கலை.

பி.கு.: புழு மெக்கானலை மொத்தமாத் தூக்கிப் போட்டுராதீங்க. 2013ல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் வச்சுப் புழுக்களுக்குப் பயிற்சி குடுத்து, தலையை வெட்டி, புதுத்தலை முளைச்சப்புறம் பார்த்தா, பழசோட சுவடு கொஞ்சம் இருந்துச்சு. 2018ல லாஸ் ஏஞ்சலஸ்ல டேவிட் க்ளான்ஸ்மன் குழு, ஷாக் வாங்கின கடல் முயலோட ஆர்.என்.ஏ.வை ஷாக் வாங்காத கடல் முயலுக்கு ஊசி போட, அதுவும் பயந்த மாதிரி நடந்துக்கிச்சு. அதே 2018ல இன்னொரு கூத்து: மேல சொன்ன ஆர்க் இருக்கே, அது வைரஸ் மாதிரியே ஒரு கூடு கட்டி, தன்னோட ஆர்.என்.ஏ.வை அதுல வச்சு ஒரு நியூரான்லேருந்து இன்னொண்ணுக்கு அனுப்புதாம். நம்ம ஞாபகத்துக்கு முக்கியமான ஒரு மரபணு, எந்தக் காலத்துலயோ வைரஸ் மாதிரி ஒண்ணு முன்னோர்களோட டி.என்.ஏ.வுக்குள்ள நுழைஞ்சு தங்கினதோட வாரிசு. இது தனிப் பதிவாவே வரணும். நேரம் கிடைச்சா எழுதறேன்.